ஆட்டம் படுத்துவிட்டால் குவார்ட்டர்பேக்கைத் திட்டுவதா, ப்ளே சொல்பவரைத் திட்டுவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அமெரிக்கா வந்த பிறகு என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஒரு அணியைப் பின்தொடர ஆரம்பித்திருக்கிறீர்கள். எதிரணியைத் தடுக்கும் டிஃபன்ஸ் நன்றாகத்தான் ஆடுகிறது. ஆனால் பந்து கைக்கு வந்தால் மூன்றே ப்ளேயில் (ஒவ்வொரு முயற்சியும் ஒரு ப்ளே) எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆபீஸில் பாதிப் பேர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தேறமாட்டான் என்கிறார்கள். மீதிப் பேர், என்ன ப்ளே ஆடுவது என்று சொல்லும் பயிற்சியாளரான கோஆர்டினேட்டரைத் துரத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அணியின் பெயரைச் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான், பெயர் வந்திருந்தால் இந்நேரம் இங்கே சண்டை தொடங்கியிருக்கும்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாரால் ஆட்டம் கெடுகிறது என்பது ஒன்று. யாரை நீக்குவார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் எளிது: பெரும்பாலும் கோஆர்டினேட்டரைத்தான். காரணம் பணமும் காலண்டரும். நவம்பர் தொடக்கத்தோடு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் காலம் முடிந்துவிடும். அதன்பின் நல்ல குவார்ட்டர்பேக் எங்கிருந்தும் கிடைக்கமாட்டார். இருப்பவரின் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி உத்தரவாதத் தொகையாக இருக்கும். 2024 மார்ச்சில் ரசல் வில்சனை விடுவித்த டென்வர் பிராங்கோஸ், ஆடாத ஒருவருக்காகச் சம்பள உச்சவரம்புக் கணக்கில் சுமார் 8.5 கோடி டாலரை இரண்டு சீசன்களில் சுமக்க வேண்டியிருந்தது. கோஆர்டினேட்டரின் சம்பளம் அந்த உச்சவரம்புக்குள் வரவே வராது. ஆகவே ஒருவரை நீக்கிவிட்டார்கள் என்பதற்காகக் குற்றம் அவருடையதுதான் என்று முடிவுகட்ட முடியாது. ஆபீஸ் வாதங்களில் பாதி இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பல ஆண்டுகளாக வீடியோ பிரித்துக் கொடுக்கிறவன். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்ததும், ஒவ்வொரு ப்ளேவுக்கும் எத்தனையாவது டவுன் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எத்தனை யார்டு பாக்கி, எந்த அமைப்பில் நின்றார்கள், என்ன ப்ளே, என்ன கிடைத்தது என்று குறித்து, சனிக்கிழமை காலை பயிற்சியாளர்கள் உட்காரும்போது தயாராக வைத்திருக்க வேண்டும். என்எஃப்எல் அணி எதன் மீட்டிங் அறைக்குள்ளும் நான் போனதில்லை. அந்த லீக்கைப் பற்றி நான் சொல்வது, யாரும் பார்க்கக்கூடிய வீடியோவிலிருந்தும் பதிவான கணக்குகளிலிருந்தும்தான்.

முதலில் அந்த நாற்பது நொடிகளைப் பார்த்துவிடுவோம். ஒரு ப்ளே முடிந்ததும் கடிகாரத்தில் 40 நொடி ஓடத் தொடங்கும். ப்ளே சொல்பவர் சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளராகவே இருப்பார், சிலவற்றில் கோஆர்டினேட்டர். அவருடைய குரல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் நேராகக் கேட்கும். 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ தானாகத் துண்டிக்கப்படும். அதற்குள் அமைப்பு, யார் எந்தப் பக்கம் நகர்வது, முன்வரிசையில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேரான லைன் எப்படிக் காப்பது, பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் ஓடும் பாதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுவிட வேண்டும். பல நேரம் ஒரே அழைப்பில் இரண்டு ப்ளே இருக்கும்: முதலாவதுக்கு எதிரணி நிற்கும் விதம் ஒத்துவரவில்லை என்றால் குவார்ட்டர்பேக் கத்தி அதை ரத்துசெய்து இரண்டாவதுக்குப் போவார். பந்து அவர் கைக்கு வந்த பிறகு, எறிவதற்குப் பெரும்பாலும் இரண்டரை நொடி, போனால் மூன்று நொடி.

பந்து கைக்கு வரும்வரை ப்ளே சொல்பவர் பொறுப்பு, வந்த பிறகு குவார்ட்டர்பேக் பொறுப்பு என்று கோடு போட்டுவிட ஆசையாக இருக்கும். அப்படிப் போட முடியாது. இன்றைய ஆட்டத்தில் ஓடுவதா எறிவதா என்பதையே பந்து கைக்கு வந்தபின் ஒரு டிஃபெண்டரைப் பார்த்து முடிவுசெய்யும் ப்ளேக்கள் ஏராளம். நீங்கள் டிவியில் பார்த்து “இந்த இடத்தில் போய் ஓடச் சொல்கிறானே” என்று கோஆர்டினேட்டரைத் திட்டும் ப்ளேயில், ஓடும் முடிவை எடுத்தது குவார்ட்டர்பேக்காக இருக்கலாம். கிரிக்கெட்டில் ஆஃப் சைடில் ஏழு பேரை நிறுத்திவிட்டு பவுலர் லெக் ஸ்டம்பில் போட்டால் யார் தப்பு என்று குழந்தைக்கும் தெரியும், ஏனென்றால் ஃபீல்டு கண்ணெதிரே இருக்கிறது. இங்கே என்ன சொல்லப்பட்டது என்பது ஒரு ஹெல்மெட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஜானி யுனைட்டஸ் காலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது; பால்டிமோர் கோல்ட்ஸுக்கு ஆடிய அவர் தன் ப்ளேக்களைத் தானே சொன்னார். அதே காலத்தில் கிளீவ்லாந்தில் பயிற்சியாளர் பால் பிரவுன் ஒவ்வொரு ப்ளேவுக்கும், லைனில் நிற்கும் கார்டு என்ற வீரர் ஒருவரை உள்ளே ஓடவிட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஹெல்மெட் ரேடியோவை லீக் அனுமதித்தது 1994-இல்தான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேரில் ஒருவரை மட்டும் சீசன் நடுவில் மாற்றி, மற்றவரையும் மீதி அணியையும் அப்படியே வைத்திருந்தால் காரணம் தெரிந்துவிடும் அல்லவா? அப்படி நடந்திருக்கிறது. இரு தரப்பும் ஆளுக்கொரு உதாரணத்தை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.

குவார்ட்டர்பேக்தான் காரணம் என்பவர்களின் உதாரணம் 2019 டென்னசி டைட்டன்ஸ். அக்டோபர் 13 அன்று டென்வரிடம் 16-0 என்று தோற்ற ஆட்டத்தின் நடுவில் மார்கஸ் மரியோட்டாவை வெளியே உட்காரவைத்து, மயாமியில் ஏழு ஆண்டுகள் இருந்தும் பெரிதாக ஒன்றும் சாதிக்காத ரையன் டானஹில்லை இறக்கினார்கள். ப்ளே சொன்னவர் அதே ஆர்தர் ஸ்மித். அதுவரை 2 வெற்றி, 4 தோல்வி. டானஹில் தொடங்கிய 10 ஆட்டங்களில் 7 வெற்றி. அந்த சீசனில், எறிதலின் தரத்தை அளக்கும் பாஸர் ரேட்டிங்கில் லீக்கிலேயே முதலிடம். அணி ஏஎஃப்சி (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) இறுதிவரை போனது. கோஆர்டினேட்டர் மீது எந்தத் தப்பும் இல்லை என்று தோன்றுகிறதா? இதில் ஒரு சிக்கல் உண்டு. லைனின் இடது ஓரத்தில் நிற்கும் டாக்கிள் டெய்லர் லுவான் முதல் நான்கு ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தார். குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கிறவர் இல்லாமல்தான் மரியோட்டா சீசனைத் தொடங்கினார். ஆனால் லுவான் திரும்பிவந்த முதல் இரண்டு ஆட்டங்களிலும் மரியோட்டாதான் தொடங்கினார். இரண்டிலும் சேர்த்து அணி எடுத்தது மொத்தம் 7 புள்ளி. அதனால் இந்த உதாரணம் பெருமளவு நிற்கிறது என்பேன். அதே லைன், அதே ப்ளே புத்தகம். பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பவருக்குப் பதிலாக, பார்த்ததும் எறிகிறவர் வந்தார்.

எதிர்த்தரப்பின் உதாரணம் 2012 பால்டிமோர் ரேவன்ஸ். டிசம்பர் 10 அன்று, 9 வெற்றி 4 தோல்வி என்று இருந்த அணி, கோஆர்டினேட்டர் கேம் கேமரனை நீக்கி ஜிம் கால்டுவெல்லிடம் ப்ளே சொல்லும் வேலையைக் கொடுத்தது. குவார்ட்டர்பேக் அதே ஜோ ஃபிளாக்கோ. சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றான அந்த பிளேஆஃபில் அவர் 11 டச் டவுன் (எதிரணி எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுப்பது) எறிந்தார், எதிரணி பந்தைப் பிடித்துக்கொள்ளும் இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் சான் ஃபிரான்சிஸ்கோவை 34-31 என்று வென்றார்கள். கேட்கும்போது வழக்கு முடிந்துவிட்டது போலிருக்கும். தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். கால்டுவெல் பொறுப்பேற்றபின் வழக்கமான சீசனில் மிச்சமிருந்தது மூன்று ஆட்டம். அதில் ஒன்றுதான் வெற்றி. கடைசி ஆட்டத்தில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்ததைக் கழித்துவிட்டாலும், எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பிளேஆஃப் தொடங்கியபோது இன்னொன்று செய்தார்கள். அதிகம் உட்கார்ந்திருந்த பிரையன்ட் மெக்கின்னியை இடது டாக்கிளாக இறக்கி, மைக்கேல் ஓரை வலது பக்கம் மாற்றி, கெலேச்சி ஒசமேலேயை இடது கார்டாக உள்ளே நகர்த்தினார்கள். ஐந்து பேர் கொண்ட லைனில் மூன்று இடம் ஒரே வாரத்தில் மாறியது. ஃபிளாக்கோ ஆழமாக எறிய விரும்புகிறவர். ஆழமாக எறிய நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுத்தது கால்டுவெல்லா, மெக்கின்னியா? டென்வர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஜகோபி ஜோன்ஸுக்குப் போன அந்த 70 யார்டு பந்தை எதிரணியின் கடைசி வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி கணக்குத் தப்பாகத் தாவித் தவறவிடாமல் இருந்திருந்தால், இந்தக் கதையை இன்றைக்கு யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆக, இரு தரப்பும் மறந்துவிடுகிற மூன்றாவது ஆள் லைன். ஏறக்குறைய நிச்சயம் என்று நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இது: ஆஃபன்ஸ் (பந்தை வைத்து ஆடும் பக்கம்) படுத்துவிட்டது என்று யார் சொன்னாலும் முதலில் அந்த ஐந்து பேரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது நிச்சயம் இதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பது. சாக், அதாவது எறியும்முன்பே குவார்ட்டர்பேக் பிடிபட்டு வீழ்வது, எல்லாமே லைனின் தவறல்ல. ஒரு குவார்ட்டர்பேக் எந்த அணிக்குப் போனாலும் அவர் சாக் ஆகும் விகிதம் பெரும்பாலும் அவர் கூடவே போகிறது. புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பந்தை மூன்றரை நொடி வைத்துக்கொண்டு நிற்பவரை எந்த லைனாலும் காக்க முடியாது. ஒரு சாக் எண்ணிக்கையை வைத்து லைனைத் திட்டுவதும் தப்பு, லைனை விட்டுவிட்டுப் பேசுவதும் தப்பு.

இரண்டு பக்கமும் இழுபடும் ஒரே ஆள் வேண்டுமென்றால் ஜாரெட் காஃப். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி இந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே மூன்று தடவை கேட்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வந்திருக்கிறது. 2016 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் இவரை எடுத்தது. அந்த சீசனில் 7 ஆட்டம் தொடங்கினார், ஏழும் தோல்வி. 5 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன். அணி மொத்தம் எடுத்தது 224 புள்ளி, லீக்கிலேயே கடைசி. பையன் வீணாய்ப் போய்விட்டான் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு முப்பது வயது ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்து தானே ப்ளே சொன்னார். 478 புள்ளி, லீக்கில் முதலிடம். காஃபுக்கு 28 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன். ப்ளே சொல்பவரே எல்லாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் அதே ஆண்டில்தான் சின்சினாட்டியிலிருந்து இடது டாக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த்தையும், லைனின் நடுவில் நிற்கும் புதிய சென்டராக ஜான் சலிவனையும், ரிசீவர்களாக ராபர்ட் வுட்ஸையும் சாமி வாட்கின்ஸையும் கொண்டுவந்தார்கள். கூப்பர் கப்பை டிராஃப்டில் எடுத்தார்கள். மெக்வே வந்தது உண்மை. பாதி அணியும் கூடவே வந்தது என்பதும் உண்மை.

மெக்வேயின் ஒரு பழக்கத்தைக் கவனித்தவர்கள் பலர். அணியைச் சீக்கிரமே பந்து இருக்கும் கோட்டுக்கு அனுப்பி நிறுத்திவிடுவார். ரேடியோ துண்டிக்கப்படும் 15 நொடிக்கு முன்பே எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, காஃபின் காதில் சொல்லிவிடலாம். விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் அப்போது குவார்ட்டர்பேக்கின் வேலையில் ஒரு பகுதியைப் பயிற்சியாளரே செய்துகொண்டிருந்தார். 2018 டிசம்பரில் விக் ஃபாஞ்சியோவின் சிகாகோ டிஃபன்ஸ் லைனில் ஆறு பேரை நெருக்கி நிறுத்தி, ராம்ஸ் ஓடும் ப்ளேக்களை அடைத்து, காஃபிடம் நான்கு இன்டர்செப்ஷன் எடுத்தது, ஆட்டம் 15-6. இரண்டு மாதம் கழித்து சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தும் அதே ஆறு பேர் வரிசையை வைத்தது, பின்னால் நிற்பவர்களின் ஏற்பாட்டையும் மாற்றிக்கொண்டே இருந்தது. ராம்ஸ் எடுத்தது 3 புள்ளி.

அந்த ஆட்டத்தில் ஒரு ப்ளேயை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். மூன்றாம் கால்பகுதி, 3-0 என்று பின்தங்கியிருக்கிறார்கள். ராம்ஸ் ரிசீவர் பிராண்டின் குக்ஸ், எதிரணி எல்லைக் கட்டமான எண்ட் ஜோனில் தன்னந்தனியாக நிற்கிறார். பக்கத்தில் ஒரு ஆள்கூடக் கிடையாது. ப்ளே சொல்பவர் தன் வேலையை முடித்துவிட்டார். இதைவிடத் திறந்த ஆளை யாராலும் வரைந்து கொடுக்க முடியாது. காஃப் அவரைக் கொஞ்சம் தாமதமாகப் பார்க்கிறார், பந்தும் மிதந்தபடி போகிறது. மைதானத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து நியூ இங்கிலாந்தின் ஜேசன் மெக்கோர்ட்டி ஓடிவந்து, பந்து கைக்குப் போகும் கணத்தில் தட்டிவிடுகிறார். இந்த ஒரு ப்ளேவுக்கு நான் குவார்ட்டர்பேக் பெயரையே எழுதுவேன். ஆனால் ஆட்டம் முழுக்க எதிரணி போட்ட வியூகத்துக்கு மாற்று இல்லாமல் அதே ப்ளேக்களைத் திரும்பச் சொன்னது மெக்வே. எதிரணிப் பயிற்சியாளர் தன்னை மிஞ்சிவிட்டார் என்று அவரே அன்றிரவு சொன்னார். ஒரே ஆட்டம், இரண்டு குற்றவாளிகள், இரண்டும் சரி.

பிறகு 2021 ஜனவரியில் மெக்வே காஃபை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து, கூடவே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கினார். டெட்ராய்ட்டில் 12 சீசன் ஆடியும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்காதவர் ஸ்டாஃபர்ட். முதல் சீசனிலேயே ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது. அப்படியென்றால் காஃப்தான் தடையாக இருந்தாரா? டெட்ராய்ட்டில் காஃபுக்கு முதல் எட்டு ஆட்டமும் தோல்வி. சீசன் நடுவில் கோஆர்டினேட்டர் ஆண்டனி லின்னிடமிருந்து ப்ளே சொல்லும் வேலையைத் தலைமைப் பயிற்சியாளர் டான் கேம்பெல் எடுத்துக்கொண்டார். 2022-இல் பென் ஜான்சன் கோஆர்டினேட்டர் ஆனார். 2024-இல் டெட்ராய்ட் 564 புள்ளி எடுத்து லீக்கில் முதலிடம், 15 வெற்றி, 2 தோல்வி. இடையில் 2024 ஜனவரியில் நடந்த பிளேஆஃபில் காஃபின் டெட்ராய்ட், ஸ்டாஃபர்டின் ராம்ஸை 24-23 என்று வென்றதும் உண்டு. டெட்ராய்ட்டின் லைனில் பெனாய் சூவல், ஃபிராங்க் ராக்னோ, டெய்லர் டெக்கர் மூவரும் நின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்ற அணியும் ஜெயித்தது, வாங்கிய அணியும் ஜெயித்தது. இரண்டு குவார்ட்டர்பேக்கும் கெட்டவர்கள் அல்ல, மெக்வேயும் கெட்டவர் அல்ல. மெக்வேக்கு எறிகிறவரிடம் என்ன வேண்டியிருந்ததோ அது காஃபிடம் குறைவாகவும் ஸ்டாஃபர்டிடம் நிறையவும் இருந்தது. காஃபுக்கு வேண்டிய ஏற்பாட்டை ஜான்சன் கட்டிக்கொடுத்தார். என் அனுபவத்தில் படுத்துவிட்ட ஆஃபன்ஸ்களில் பெரும்பாலானவற்றின் நோய் இந்தப் பொருத்தமின்மைதான். ஆனால் “பொருத்தமில்லை” என்று கத்தி யாரும் கூட்டத்தில் பதாகை பிடிப்பதில்லை.

உங்கள் அணியில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிவி முன்னால் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, மூன்றாவது டவுனில் எத்தனை யார்டு பாக்கி இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு போக வேண்டும், அதில் நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், மூன்றாவதுதான் வாழ்வா சாவா. 2 யார்டு பாக்கி என்றால் சாதாரண அணியே பாதிக்கு மேல் தேறிவிடும். 10 யார்டுக்கு மேல் என்றால் மிக நல்ல குவார்ட்டர்பேக்குக்கும் அது தோற்கும் பந்தயம். எல்லாரும் மூன்றாவது டவுனில் குவார்ட்டர்பேக் எறிந்த பந்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளி வீடியோவில் நான் முதலில் பார்ப்பது அதற்கு முந்தைய இரண்டையும்தான்.

உங்கள் காகிதத்தில் 2, 4, 3, 5 என்று வந்துகொண்டிருந்து, அப்படியும் தேறவில்லை என்றால் என் சந்தேகம் குவார்ட்டர்பேக் பக்கமோ ரிசீவர் பக்கமோ போகும். 9, 11, 8, 14 என்று வந்தால் முதல் டவுனுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே என்ன நடந்தது? எட்டுப் பேர் முன்னால் நெருக்கி நிற்கும்போது நடுவில் ஓடி ஒரு யார்டா? அது ஒரு தடவை நடந்தால் யார் முடிவு என்று தெரியாது. ஆட்டத்துக்கு ஆறு தடவை நடந்தால் ப்ளே சொல்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது, மாற்றுவழி கொடுக்க வேண்டியது அவர் வேலை. ஆள் திறந்து நின்றும் பந்து காலடியில் விழுந்ததா? குவார்ட்டர்பேக். பந்து வரும்முன்பே அசைந்ததற்கு 5 யார்டு அபராதமா? அது லைன், அல்லது அன்றைய கூட்டத்தின் சத்தம்.

இரண்டாவது, ஆட்டத்தின் தொடக்கத்தைத் தனியாகப் பாருங்கள். முதல் பதினைந்து ப்ளே அளவுக்கு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது பில் வால்ஷ் காலத்திலிருந்து பரவிய வழக்கம். வாரம் முழுக்கப் பயிற்சி செய்த ப்ளேக்கள் அவை. அவை ஓடி, அதன்பின் ஆஃபன்ஸ் செத்துப்போனால், சொன்னதைச் செய்ய குவார்ட்டர்பேக்குக்குத் தெரிகிறது, எதிரணி மாறியதும் என்ன சொல்வதென்று மேலே இருப்பவருக்குத் தெரியவில்லை என்று நான் படிப்பேன். இதன் மறுபக்கத்தை வைத்து மட்டும் ஏமாறாதீர்கள்: ஆட்டம் கைவிட்டுப் போனபின் கடைசி ஐந்து நிமிடத்தில் குவார்ட்டர்பேக் மளமளவென்று யார்டு சேர்ப்பார். அப்போது எதிரணி ஆழமாக நின்றுகொண்டு சின்னச் சின்னப் பாஸ்களை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும். அந்த யார்டுகளை வைத்து யாரையும் புகழக்கூடாது.

மூன்றாவது, கடிகாரம். ப்ளேயைக் கேட்க வீரர்கள் கூடும் வட்டமான ஹடில் கலையும்போது எத்தனை நொடி மிச்சம்? தொடர்ந்து எட்டு, ஏழு என்று இருந்தால், எதிரணியைப் படித்து ப்ளேயை மாற்றக் குவார்ட்டர்பேக்குக்கு வாய்ப்பே இல்லை. 2022 செப்டம்பரில் டென்வர் ரசிகர்கள் தங்கள் சொந்த மைதானத்திலேயே கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ண ஆரம்பித்தார்கள், அணி நேரத்துக்குள் ப்ளேயைத் தொடங்கட்டும் என்று. தலைமைப் பயிற்சியாளர் நத்தானியேல் ஹாக்கெட் நவம்பரில் ப்ளே சொல்லும் வேலையை கிளின்ட் குபியாக்கிடம் விட்டுக்கொடுத்தார், டிசம்பரில் வேலையையே இழந்தார். அடுத்த ஆண்டு ஷான் பேய்டன் வந்ததும் வில்சனின் கணக்கு 16 டச் டவுனிலிருந்து 26-க்கு ஏறியது. ஆனாலும் சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அதே பேய்டன் அவரை உட்காரவைத்தார். ஆக, டென்வரில் ரசிகர்கள் எண்ணியது நியாயம். ஹாக்கெட் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்ததுதான் நடக்கவில்லை.

நான்காவது, இருவரையும் தனித்தனியே பின்தொடருங்கள். மூன்று வெவ்வேறு ஆட்கள் ப்ளே சொல்லியும் ஒரு குவார்ட்டர்பேக்கிடம் அதே குறை இருந்தால், அது அவருடையது. மூன்று குவார்ட்டர்பேக் மாறியும் ஒரு கோஆர்டினேட்டரின் ஆஃபன்ஸ் அதே இடத்தில் சிக்கினால், அது அவருடையது. ஆனால் ஒரே ஒரு மாற்றத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஷேன் வால்டிரன் சியாட்டிலில் ப்ளே சொன்னபோதுதான் 2022-இல் ஜீனோ ஸ்மித் மறுவாழ்வு பெற்றார். அதே வால்டிரனை 2024 நவம்பரில், புதுக் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸோடு ஒன்பதே ஆட்டம் ஆனபின் சிகாகோ நீக்கியது. அந்த சீசனில் வில்லியம்ஸ் 68 தடவை சாக் ஆனார், வால்டிரன் போனபிறகும் அது நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சிகாகோ செய்ததைப் பாருங்கள்: டெட்ராய்ட்டிலிருந்து பென் ஜான்சனைத் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது, அதோடு ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், டிரூ டால்மன் என்று லைனின் நடு மூன்று இடங்களையும் மாற்றியது. நிர்வாகத்துக்கு அது இரண்டில் ஒன்று என்று தோன்றவில்லை.

இனி சந்தேகத்துக்குரியவை. முதல் வரம்பு, நாம் பார்க்கும் படம். டிவி கேமரா பந்தைத் தொடர்கிறது. பின்னால் ரிசீவர்கள் என்ன செய்தார்கள் என்பது பெரும்பாலும் தெரியாது. இருபத்திரண்டு பேரும் தெரியும் உயரக் கோணப் படத்தைப் பணம் கட்டிப் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். அதுகூட குவார்ட்டர்பேக்குக்கு முதலில் யாரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள் என்பதைச் சொல்லாது. எங்கள் பள்ளி ஆட்டம் ஒன்றில் மூன்றாவது டவுன், 8 யார்டு பாக்கி. பையன் ஓரக்கோட்டுப் பக்கம் எறிந்தான், அங்கே ஆளே இல்லை. கேலரியில் அவனை வறுத்தெடுத்தார்கள். வீடியோவில் பார்த்தால், ரிசீவர் தன் முன்னால் நின்ற ஆள் வெளிப்பக்கம் இருந்ததால் உள்ளே திரும்பியிருந்தான். பயிற்சியாளர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு என்ன பார்த்தாய் என்று கேட்டார். ரிசீவர் தன் முன்னால் நின்ற அந்தத் தடுப்பாளரான கார்னரைப் பார்த்தான். குவார்ட்டர்பேக், பந்து வந்த கணத்தில் சேஃப்டி உள்ளே இறங்கியதைப் பார்த்தான். அவனவனுக்குச் சொல்லிக்கொடுத்த விதிப்படி இருவரும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் எதை எடுப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்த ப்ளேயை வீட்டிலிருந்து பார்க்கும் எவராலும் சரியாகப் பிரித்திருக்க முடியாது, ப்ளேவுக்கு மதிப்பெண் போடும் தொழில்முறை நிறுவனங்கள் உட்பட.

இரண்டாவது வரம்பு, பேட்டிகள். தலைமைப் பயிற்சியாளர் மைக் முன்னால் “தப்பு என்னுடையது” என்றால் அதற்கு எந்தச் சான்று மதிப்பும் கிடையாது. வீரரை வெளியே விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் நாகரிகம். மூன்றாவது, மாற்றம் செய்யும் நேரம். அணி அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் ஆளை மாற்றுகிறார்கள். அங்கிருந்து எதுவுமே செய்யாமல் இருந்தாலும் கொஞ்சம் மேலே வந்திருக்க வாய்ப்புண்டு. அடுத்த இரண்டு எதிரணிகள் பலவீனமாக இருந்தால் புதியவர் மேதையாகிவிடுவார். அவருக்கு ஆறேழு ஆட்டமாவது கொடுத்துவிட்டுப் பேசுவது நல்லது.

கட்டாயம் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும் என்றால், என் சாய்வு குவார்ட்டர்பேக்கின் வயதைப் பொறுத்தது. முதல் இரண்டு சீசனில் இருப்பவர் என்றால் ப்ளே சொல்பவரை முதலில் கேள்வி கேட்பேன். அவனால் முடிவதைக் கண்டுபிடித்து அதை மட்டும் கொடுப்பது அவர் கடமை. ஐந்தாறு சீசன் கண்டவர் என்றால், கெட்ட ப்ளேயைக்கூட நஷ்டமில்லாமல் முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த டவுனுக்குப் போவதும் ஒரு திறமை. அதுவும் இல்லையென்றால் அவரைக் கேட்பேன். இதை அளந்து நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. நிறைய வீடியோ பார்த்ததில் பிடிபட்ட சாய்வு, அவ்வளவே.

இதையெல்லாம் செய்யும் முன்பு ஒரு வேலை இருக்கிறது, இரண்டு நிமிடம்கூட ஆகாது. வழக்கமான ஞாயிறு ஆட்டத்துக்கு அணிகள் புதன் முதல் வெள்ளிவரை காயப்பட்டியல் வெளியிடும். அதில் சென்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் ஆபத்து, யார் யாரைத் தடுப்பது என்று லைனில் கையை நீட்டிச் சொல்கிறவர் பல அணிகளில் அவர்தான். அவருக்குப் பதில் ஆள் நிற்கும் வாரத்தில் குவார்ட்டர்பேக்கும் தடுமாறுவார், ப்ளே சொல்பவரும் நீண்ட ப்ளேக்களைத் தூக்கிப்போட்டுவிட்டுக் குட்டைப் பாஸ்களைச் சொல்வார். அந்த வாரத்து ஆட்டத்தை உங்கள் காகிதத்தில் சேர்க்காதீர்கள்.